ஃபோர் வீல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, மதியம் வண்டி ஏறவில்லை

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 11, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோர் வீல் உள்ள டீசல் பிக்கப். மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி பெயரைப் போட்டால் இங்கே வேறு சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் வேண்டாம். பேச்சிப்பாறை போகும் வழியில் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. தார் ரோட்டில் இருந்து தோட்டத்துக்குக் கடைசி அரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். மழை பிடித்தால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும்.

டேஷ்போர்டில் ஒரு திருகு இருக்கிறது: டூ எச் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்), ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்கும்), ஃபோர் எல் (நாலும் இழுக்கும், வேகம் குறைவு, இழுவை அதிகம்). ஃபோர் எச் வைத்தால் பச்சை விளக்கு இரண்டு மூன்று தடவை சிமிட்டிவிட்டு நிலையாக எரியும். இப்போது மூன்று மாதமாகச் சிமிட்டிக்கொண்டேதான் இருக்கிறது, நிற்பதே இல்லை. காலையில் ரப்பர் வெட்டுக்காரர்களையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு எப்படியோ ஏறிவிடுகிறேன். மதியம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) எடுக்க இரண்டாவது நடை போனால் பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி அடிக்கிறது. முன்சக்கரம் சும்மா நிற்கிறது.

எங்கள் பக்கத்து மெக்கானிக், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கிற பெட்டி) மோட்டார் போய்விட்டது, புதிதாக மாட்ட நாற்பதாயிரம் வரை ஆகும் என்கிறார். ரப்பர் விற்கிற விலையில் நாற்பதாயிரம் எங்கே போவது? அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நாஞ்சில் ஸ்கேனர்
ஜூன் 11, இரவு 9.32

மோட்டார்தான். விளக்கு சிமிட்டுகிறது என்றால் கன்ட்ரோலர் சொன்ன இடத்துக்கு மோட்டார் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நான் இதே மாதிரி மூன்று வண்டி பார்த்திருக்கிறேன். மாற்றிவிடுங்கள்.

ஆரல் காற்று
ஜூன் 11, இரவு 10.05

முன்சக்கரத்தின் நடுவில், ஹப்பில், கையால் திருகுகிற லாக் இருக்கிறதா? ஜிப்சியில் இருக்குமே, அது மாதிரி. அதை லாக் பண்ணாமல் உள்ளே என்ன லீவர் போட்டாலும் முன்சக்கரம் இழுக்காது. எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு மாதம் அதைத் தெரியாமலே ஓட்டினார்.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 11, இரவு 10.20

ஹப்பில் ஒன்றும் இல்லை அண்ணே, வெறும் மூடிதான். எல்லாம் அந்தத் திருகில்தான்.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 12, காலை 5.50

தம்பி, நாற்பதாயிரம் கையை விட்டுப் போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்கு. ஃபோர் வீல் பிடிக்கவில்லை என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. எது என்று தெரியாமல் சாமான் வாங்காதே.

முதலாவது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ். அதற்குள் ஒரு ஃபோர்க் (பல்லைத் தள்ளுகிற கவை) நகர்ந்து முன்பக்க ஜாயின்ட் ஷாஃப்டை, அதாவது முன் ஆக்ஸிலுக்குப் போகிற நீளத் தண்டை, பின்பக்கத்தோடு கோர்க்கும். அந்த மோட்டாரின் வேலை இது மட்டும்தான். இரண்டாவது, முன் ஆக்ஸில். உன் வண்டிக்கு ஹப் லாக் இல்லை என்றால் முன் கிரவுனுக்கு (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற பல் பெட்டி) பக்கத்தில், ஒரு பக்கத்து ஆக்ஸிலை நடுவில் துண்டித்துச் சேர்க்கிற ஏற்பாடு இருக்கும். டூ வீலில் ஓடும்போது முன்பக்கப் பற்களும் ஷாஃப்டும் வீணாகச் சுற்றாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பல பிக்கப்பில் அதை வேக்குவம்தான், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்புதான், இழுக்கும். இரண்டும் கோர்த்தால்தான் முன்சக்கரம் இழுக்கும். ஒன்று கோர்க்காவிட்டாலும் விளக்கு சிமிட்டும்.

இப்போது சோதனை. சமதளத்தில் நிறுத்து. எஞ்சின் ஓடும்போதே ஃபோர் எச் வைத்துப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டு, பல் நேராக வந்து விழட்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையைக் கொடுக்காதே, உன் வீட்டில் உன்னைத் தேடுவார்கள்.

முன் ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார். அசையாமல் இறுகி நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கோர்த்துவிட்டது, மோட்டார் பாவம், அதன் மேல் பழி இல்லை. லேசாகச் சுற்றினால் கோளாறு அங்கேதான். ஷாஃப்ட் இறுகி இருந்தால் அடுத்து ஒரு முன்சக்கரத்தைச் சுற்று. மறுபக்கச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் ஆக்ஸிலும் கோர்த்திருக்கிறது. மறுபக்கம் சும்மா நின்றால் ஆக்ஸில் கோர்க்கவில்லை. இவ்வளவுதான். செய்துவிட்டு வந்து சொல்.

நாஞ்சில் ஸ்கேனர்
ஜூன் 12, காலை 8.15

அண்ணாச்சி, இது லீவர் போட்ட காலத்து ஜீப் இல்லை. எலக்ட்ரானிக் வண்டி. ஸ்கேனர் மாட்டினால் கோளாறு எண்ணே சொல்லிவிடும்.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 12, காலை 8.40

சொல்லட்டுமே, நல்லது. ஆனால் ஃபோர் வீல் கம்ப்யூட்டரில் பேசுகிற ஸ்கேனர் நம்ம ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது? எஞ்சினை மட்டும் படித்துவிட்டு எல்லாம் சரி என்பார்கள். பல்லும் ஃபோர்க்கும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான், தள்ளுகிற கைதான் மாறியிருக்கிறது.

தக்கலை வயரிங்
ஜூன் 12, காலை 11.25

அண்ணாச்சி சொன்ன சோதனையோடு இன்னொன்றும் பாருங்கள். சாவியை ஆன் பண்ணி, எஞ்சின் ஓடாமல், கியர் நியூட்ரலில் வைத்துத் திருகை டூ எச்சில் இருந்து ஃபோர் எச்சுக்கு மாற்றுங்கள். சீட்டுக்கு அடியில் இருந்து அரை வினாடி "கிர்ர்" என்று சத்தம் வருகிறதா என்று ஒருவரைக் குனிந்து கேட்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டாரின் கப்ளர் (வயர் இணைப்பு) என்று வரிசையாகப் பார்க்கலாம். சத்தம் வந்தால் கரண்ட் அங்கே போகிறது.

இன்னொரு கேள்வி. ஃபோர் எல் விழுகிறதா? அதற்கு வண்டி முழுதாக நின்று, கிளட்ச் மிதித்து, நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளட்ச் ஸ்விட்ச் கெட்டுப் போனால் ஃபோர் எல் மட்டும் விழாது, ஃபோர் எச் விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மார்த்தாண்டம் லோடு
ஜூன் 12, மதியம் 1.40

ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பாதீர்கள். டயரைப் பார்த்தீர்களா? முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் ஃபோர் வீல் விழவும் மாட்டேன் என்கும், விழுந்தால் வெளியே வரவும் மாட்டேன் என்கும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 13, காலை 9.30

டயர் நாலும் ஒரே அளவு, ஒரே சமயத்தில் போட்டது. ஃபோர் எல் விளக்கும் இதே மாதிரி சிமிட்டல்தான்.

இன்று ஞாயிறு, வெட்டு இல்லை. கோயிலுக்குப் போகும் முன்பே காலை 7 மணிக்கு எல்லாம் செய்து பார்த்தேன். தக்கலை அக்கா சொன்ன சத்தம் வந்தது. ஷாஃப்ட் கல்லு மாதிரி இறுகி நின்றது. இடது முன்சக்கரத்தைச் சுற்றினேன், வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. அதாவது எல்லாம் கோர்த்திருக்கிறது! ஆனாலும் விளக்கு சிமிட்டுகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மார்த்தாண்டம் லோடு
ஜூன் 13, காலை 10.00

அப்புறம் என்ன, விளக்கில்தான் கோளாறு. வழுக்குவது உங்கள் ஏற்றத்தின் கோளாறு. நல்ல மண் டயர் போடுங்கள்.

தக்கலை வயரிங்
ஜூன் 13, காலை 10.45

விளக்குக் கோளாறு தனி என்பதை ஒத்துக்கொள்கிறேன். முன் ஆக்ஸிலில் ஃபோர்க் நகர்ந்ததும் ஒரு ஸ்விட்ச் அழுந்தும். அந்தத் தகவல் வந்தால்தான் கன்ட்ரோலர் விளக்கை நிலையாக எரிய விடும். ஆக்ஸில் கோர்த்தும் விளக்கு சிமிட்டுகிறது என்றால் ஸ்விட்ச் அல்லது அதன் கப்ளர். கப்ளருக்குள் இருக்கிற பின்னைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கலாம். வண்டி கடற்கரைப் பக்கம் ஓடியதா?

ஆனால் முன்சக்கரம் மதியம் சும்மா நின்றதை நீங்கள் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். விளக்குக் கோளாறு சக்கரத்தை நிறுத்தாது. அது இன்னும் பாக்கி இருக்கிறது.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 13, காலை 11.10

எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் குளச்சலில் மீன் ஏற்றினார் அக்கா. வாங்கும்போது மூன்று நாள் கழுவியும் நாற்றம் போகவில்லை.

கடலோரம் (குளச்சல்)
ஜூன் 13, மதியம் 12.05

அப்படியானால் சேசிஸையும் ஒரு தடவை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மீன் பெட்டியில் இருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. பின்பக்கம் ஒழுகி அடியில் இருக்கிற ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் இறங்கும். எங்கள் பக்கம் வண்டியின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், அடியில் பார்த்தால் பொரித்த அப்பளம்.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 13, மதியம் 2.20

தம்பி, உன் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். காலையில் ஏறுகிறது, மதியம் ஏறவில்லை. நீ அதை லோடு, மழை என்று நினைத்துக்கொண்டாய். லோடு இறங்கி வரும்போதுதானே இருக்கும்? ஏறும்போது இரண்டாவது நடையில் வண்டி காலிதானே? காலையில்தான் ஆளும் உரமும் இருக்கிறது. கனம் உள்ளபோது ஏறுகிறது, காலியாக ஏறவில்லை.

சோதனையையும் நீ காலை 7 மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்திருக்கிறாய். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாத நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்த மாதிரி. நாளை மதியம், இரண்டாவது நடை போய் அது வழுக்கின உடனே, சூடு ஆறும் முன் சமதளத்துக்குக் கொண்டுவந்து அதையே மறுபடி செய்.

ஒரு வார்த்தை. இதை எல்லாம் சோதிக்க யாரும் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன்சக்கரம் ஓடுகிற தூரம் வேறு, பின்சக்கரம் ஓடுகிற தூரம் வேறு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு எல்லாம் பல்லிலும் ஷாஃப்டிலும் ஏறும்.

ஆரல் காற்று
ஜூன் 13, மதியம் 2.50

நான் முப்பந்தல் பக்கம் நாலுவழிச் சாலையில் ஃபோர் எச் போட்டு எண்பதில் போயிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 13, மாலை 3.15

நேர் ரோடு, அதனால் தப்பித்தாய். திரும்பி வீட்டுக்குள் விடும்போது டக் டக் என்று கேட்டிருக்குமே?

ஆரல் காற்று
ஜூன் 13, மாலை 3.22

கேட்டது 🙂

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 14, மாலை 4.45

அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. மதியம் 1 மணிக்கு வழுக்கியது, அப்படியே பின்னால் இறக்கி ஷீட் உலர்த்துகிற கொட்டகை முன்னால் நிறுத்தி ஜாக்கி வைத்தேன். ஷாஃப்ட் இறுகித்தான் இருந்தது. ஆனால் வலது சக்கரத்தைச் சுற்றினால் வலது மட்டும் லொடலொடவென்று சுற்றுகிறது, இடது அசையவே இல்லை. காலையில் கோர்த்த ஆக்ஸில் மதியம் கோர்க்கவில்லை.

இப்போது என்ன? சூட்டில் எது கெடும்?

நாஞ்சில் ஸ்கேனர்
ஜூன் 14, மாலை 5.10

சரி, மோட்டார் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேக்குவம் சோலனாய்டு, கரண்டில் திறந்து மூடுகிற வால்வு. சூடானால் காயில் விட்டுப் போகும். இரண்டு இருக்கும், ஒன்று சேர்க்க, ஒன்று பிரிக்க. ஜோடியாக மாற்றுங்கள்.

தக்கலை வயரிங்
ஜூன் 14, மாலை 5.40

மறுபடியும் மாற்றுங்களா? 😀 வேக்குவம் போகிற பாதையைக் கொஞ்சம் யோசிப்போம். டீசல் எஞ்சினில் உறிஞ்சுவதற்குத் தனி பம்ப் உண்டு, பல வண்டியில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். அதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும். பிரேக் மிதி கல்லாகவில்லை என்றால் பம்ப் பிழைத்தது. அங்கிருந்து சோலனாய்டு, சோலனாய்டில் இருந்து இரண்டு ஹோஸ், கடைசியில் ஆக்ஸில் மேல் இருக்கிற டயாஃப்ரம் (உறிஞ்சினால் உள்ளே கம்பியை நகர்த்துகிற சவ்வு). தோட்டக்காரரே, ஹோஸ்களைப் பார்த்தீர்களா? எலி கடிக்காத வண்டி நம்ம மாவட்டத்தில் கிடையாது.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 14, மாலை 6.15

பார்த்தேன் அக்கா. எஞ்சினை அணைத்துவிட்டு முழு நீளமும் தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்லை, விரிசல் இல்லை, இரண்டு முனையும் இறுக்கம். பிரேக் நன்றாக இருக்கிறது.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 14, இரவு 8.00

மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கு, 50 மில்லி. நாளை அதே சூட்டில், டயாஃப்ரத்தில் இருந்து ஃபோர் வீல் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த மூக்கில் ஒரு துண்டு ரப்பர் குழாய் வைத்துச் சிரிஞ்சால் இழு. ஒரு தடவை போதாவிட்டால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி இழு. உள்ளே கம்பி நகர வேண்டும், பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். நின்றால் டயாஃப்ரம் கிழியவில்லை.

பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஃபோர் எச்சில் சோலனாய்டு வாயில் விரலை வை. விரலைக் கவ்வி இழுத்தால் சோலனாய்டும் நல்லது. ஃபேன் பெல்ட் பக்கம் துண்டு, லுங்கி முனை எதுவும் தொங்கக் கூடாது.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 15, மதியம் 2.30

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சிரிஞ்சால் இழுத்தேன், கம்பி டக்கென்று போய் நின்றது. சோலனாய்டு வாயில் விரல் வைத்தேன், அட்டை மாதிரி கவ்வியது. இரண்டும் நல்லது. நடுவில் பாக்கி அந்த ஒரு மீட்டர் ஹோஸ்தான், நேற்று நான் தடவித் தடவிப் பார்த்து நல்லது என்று சொன்ன அதே ஹோஸ். எஞ்சின் ஓடும்போதே ஹோஸை மாட்டிவிட்டு டார்ச் அடித்தேன். சைலன்சர் குழாய்க்கு மேலே வளைகிற இடத்தில் நாடா மாதிரி தட்டையாகச் சப்பிக் கிடக்கிறது! எஞ்சினை அணைத்து ஹோஸைக் கழற்றினேன், காற்று புகுந்ததும் மெதுவாக உப்பிப் பழையபடி உருண்டையாகிவிட்டது. நேற்று எஞ்சினை அணைத்துப் பார்த்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அது கம்பெனி ஹோஸே இல்லை. இரண்டு வருடம் முன் எலி கடித்தபோது என் மச்சான் அவர் வீட்டு மீன் தொட்டிக்கு வாங்கிய காற்றுக் குழாயை வெட்டி மாட்டினார். நானும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்ததால் மறந்தே போய்விட்டது. குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வேக்குவம் போகும். சூட்டில் இளகினால் உறிஞ்சுகிற வேகத்தில் தானே ஒட்டிக்கொள்ளும்.

தக்கலை வயரிங்
ஜூன் 15, மதியம் 2.50

இரண்டு வருடம் உழைத்ததே பெரிய விஷயம். காற்றை ஊதுகிற குழாய் வேறு, உறிஞ்சுகிற குழாய் வேறு. கடையில் வேக்குவம் ஹோஸ் என்றே கேளுங்கள், சுவர் தடிமனாக, உள்ளே நூல் பின்னல் போட்டது. உள்விட்டம் சரியாக இருக்கட்டும், பெரிதாக வாங்கிக் கம்பி கட்டாதீர்கள். சைலன்சரை விட்டு நாலு விரல் தள்ளிக் கொண்டு போங்கள். அப்புறம் அந்த ஸ்விட்ச் கப்ளரையும் மறக்க வேண்டாம்.

நாஞ்சில் ஸ்கேனர்
ஜூன் 15, மாலை 3.05

மீன் தொட்டிக் குழாயை எந்த ஸ்கேனரும் காட்டாது. இந்த இழையை நான் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 17, இரவு 8.40

நாகர்கோவில் போய் ஹோஸ் வாங்கினேன். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை, பஸ் செலவையும் டீ செலவையும் சேர்த்தால்தான் தாண்டியது. நேற்றும் இன்றும் நல்ல மழை, இரண்டாவது நடையும் ஏறியது, முன்சக்கரம் மண்ணைக் கவ்வி இழுப்பது ஸ்டியரிங்கிலேயே தெரிகிறது.

ஸ்விட்ச் கப்ளரைக் கழற்றினால் உள்ளே ஒரே பச்சை. முதலில் அக்கா தனிச்செய்தியில் சொன்னபடி வயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன், விளக்கு உடனே நிலையாக எரிந்தது. ஆகவே வயரிங் நல்லது. ஸ்விட்ச் பக்கப் பின்னை உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, கிரீஸ் தடவி மாட்டினேன். இப்போது மூன்று தடவை சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, அந்தத் தட்டை ஹோஸை வாங்கி வைத்துக்கொண்டார், வருகிறவர்களுக்குக் காட்டவாம்.

பழைய ஜீப்காரன் (கீரிப்பாறை)
ஜூன் 18, காலை 5.45

சந்தோஷம் தம்பி. மழை இல்லாத மாதத்திலும் மாதம் ஒரு தடவை மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஃபோர் வீல் போட்டு ஓட்டு. ஃபோர்க் சும்மா கிடந்தால் அது நின்ற இடத்திலேயே துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். 2017இல் ஒக்கிப் புயலுக்கு மறுநாள் மரம் இழுக்க நாலு வண்டி வந்தது, இரண்டில் லோ கியர் விழவே இல்லை. வருடக்கணக்கில் அந்த லீவரை யாரும் தொட்டதில்லை. மாறாமலைக்குப் போகிற எங்கள் பழைய ஜீப்தான் அன்றைக்கு முழுக்க இழுத்தது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயையும் ஒரு தடவை திறந்து பார். மீன் வண்டி என்கிறாய், உள்ளே தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கும்.

மார்த்தாண்டம் லோடு
ஜூன் 18, காலை 9.20

டயர் என்று நான் சொன்னது தப்புதான். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னீர்களா?

தோட்டக்காரன் (குலசேகரம்)
ஜூன் 18, இரவு 9.00

சொன்னேன். எண்ணெய் நல்ல நிறத்தில் இருக்கிறது அண்ணாச்சி, பார்த்துவிட்டேன்.

மச்சானுக்குத் தன் குழாய் இரண்டு வருடம் ஓடியதில்தான் பெருமை. மீதித் துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், வைப்பர் தண்ணீர்க் குழாய்க்கு வேண்டுமா என்று கேட்கிறார்.